பிறைக்குக் கணக்கு எழுதிய ஊர்

பழைய தமிழ்ப் பஞ்சாங்கம் ஒன்றைப் புரட்டினால், அமாவாசை கழிந்த ஓரிரு நாளில் ‘சந்திர தரிசனம்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். சிலவற்றில் அதன் பக்கத்திலேயே இன்னும் இரண்டு சொற்கள் வரும்: ‘வடகோடு உயர்வு’ அல்லது ‘தென்கோடு உயர்வு’. எப்போதாவது ‘சமகோடு’. கோடு என்றால் கொம்பு. மாலையில் மேற்கே தெரியும் இளம்பிறையின் இரண்டு முனைகளில் எது தூக்கி நிற்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பிறந்து வளர்ந்தது மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். குடித்தனம் நடத்தியது தியாகராய நகரில். இப்போது அடையாறில் மகனோடு இருக்கிறேன். கோணத்தை அளந்து காகிதத்தில் இறக்குவதே பிழைப்பாக இருந்த எனக்கு, அந்த இரண்டு சொற்களும் ஓர் அளவைக் குறிப்பாகவே படுகின்றன. நம்மில் பலர் அதை வெறும் ஜோசியம் என்று தள்ளிவிட்டார்கள். சிலர் அதில் அரிசி விலையை மட்டும் தேடுகிறார்கள். அதற்குள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கின் கடைசி அத்தியாயங்களில் சில, நம் சென்னையிலேயே எழுதப்பட்டவை.

எங்கள் வீட்டில் மூன்றாம் பிறை பார்க்காமல் ஒரு மாதமும் கழிந்ததில்லை. விளக்கேற்றியதும் அம்மா எங்களை மொட்டை மாடிக்கு விரட்டுவாள். பிறையைக் கண்டதும் புடவை முந்தானையிலிருந்து ஓர் இழையை உருவி, அதன் பக்கமாக ஊதிவிட்டு, புதுத்துணி கேட்பாள். பிறகு கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்பதால், மறுநாள் மாடிக்குப் போகத் தடை. இவ்வளவும் முடிந்த பிறகுதான் பாட்டியின் முறை. “எந்தக் கோடுடா உசந்திருக்கு?” என்று கீழேயிருந்தே கேட்பாள். “வடகோடு பாட்டி” என்றால், “சரி, மழை உண்டு” என்பாள். “தென்கோடு” என்றால், “மளிகைக்காரனிடம் பாக்கி வைக்காதே” என்று அம்மாவிடம் சொல்வாள்.

மயிலாப்பூரில் பிறை பார்க்க மாடியை விட நல்ல இடம் ஒன்று உண்டு. கபாலீசுவரர் மேற்கு நோக்கி அமர்ந்திருப்பவர். தெப்பக்குளமும் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. குளத்தின் கீழ்க்கரையில் நின்றால், அத்தனை அகல நீருக்கும் மேலே மேற்கு வானம் மறைப்பின்றித் திறந்திருக்கும். பிறை சூடியவன் சன்னதிக்கு எதிரிலேயே பிறை இறங்கும். இப்போது அக்கரைக் கட்டடங்கள் அடிவானத்தைக் கொஞ்சம் மறைத்தாலும், மூன்றாம் பிறைக்கு அவை இடைஞ்சல் இல்லை.

அங்கே ஓர் ஆண்டு முழுக்க மாதாமாதம் நின்று பார்த்தால் கோடு மாறும் ஒழுங்கு தெரிந்துவிடும். மேற்கு நோக்கி நிற்பவருக்கு வலக்கை வடக்கு, இடக்கை தெற்கு. தை மாதத்தின் முற்பாதியில் பிறை ஏறக்குறைய சமமாக, நீரில் மிதக்கும் ஓடம்போல் கிடக்கும். மாசி, பங்குனியில் இடப்பக்கக் கொம்பு, அதாவது தென்கோடு, மெல்ல உயரும். வைகாசித் தொடக்கத்தில் மறுபடி சமம். ஆனியில் வடகோடு சற்றே தூக்கும். ஆவணி, புரட்டாசியில் அது நன்றாக ஏறி, பிறையே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். மார்கழிக்குள் சாய்வு குறைந்து, தையில் திரும்பவும் ஓடம்.

காரணம் எளியது. பிறையின் ஒளிரும் விளிம்பு எப்போதும் சூரியனைப் பார்த்தே இருக்கும். மாலையில் சூரியன் அப்போதுதான் மறைந்திருப்பதால், ஒளிரும் விளிம்பு கீழ்நோக்கியிருக்கும். நிலா சூரியனுக்கு நேர் மேலே நின்றால் இரண்டு கொம்பும் சமம். வடக்கே விலகி நின்றால், ஒளிரும் விளிம்பு தெற்கே சாய்ந்து, தென்கோடு உயரும். தெற்கே விலகினால் வடகோடு உயரும். எந்தப் பக்கம் விலகுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கக் கோடு ஏறும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

நிலா ஏன் விலகுகிறது? சூரியன் வானத்தில் ஓர் ஆண்டில் சுற்றிவரும் பாதையை ஒட்டியே நிலாவும் போகிறது. அந்தப் பாதை, வான நடுக்கோட்டுக்கு 23.4 பாகை சாய்ந்தது. சென்னை பூமத்திய ரேகைக்கு 13 பாகை வடக்கே இருப்பதால், நம் மேற்கு அடிவானத்தில் வான நடுக்கோடு செங்குத்திலிருந்து 13 பாகை தெற்கே சாய்ந்து ஏறும். மார்ச் மாத மாலையில் சூரியனின் பாதை அதிலிருந்து 23.4 பாகை வடக்கே திரும்புகிறது. 23.4-லிருந்து 13-ஐக் கழித்தால் பத்துப் பாகைக்குக் கொஞ்சம் மேல். நிலா அந்த அளவு வடக்கே விலக, தென்கோடு உயர்கிறது. செப்டம்பரில் பாதை தெற்கே திரும்புகிறது. அப்போது கூட்ட வேண்டும்: 36 பாகைக்கு மேல். ஜூனிலும் டிசம்பரிலும் இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 13 அல்லது 14 பாகை. நிலாவின் சொந்தப் பாதை சூரியனின் பாதையை விட்டு 5 பாகை வரை விலகக்கூடியது என்பதால், ஒரே மாதத்துப் பிறையிலும் ஆண்டுக்கு ஆண்டு சில பாகை கூடும், குறையும்.

மாதக்கணக்கு வேண்டாம், ஒரே இரவில் மாற்றத்தைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் வளர்பிறை அஷ்டமியில் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு அரைநிலா தலைக்கு மேலே, ஒளிப்பாதி மேற்கே திரும்பி நிற்கும். நள்ளிரவில் அதே நிலா மேற்கே இறங்கும்போது ஒளிப்பாதி கீழே போய், நேர்விளிம்பு மேலே வந்திருக்கும். தேய்பிறைக்கு அடையாற்றுக்காரர்கள் எலியட்ஸ் கடற்கரைக்கு விடியலுக்கு முன்னால் போக வேண்டும். கிழக்கே கடலுக்கு மேல் வரும் பிறையில் எல்லாம் தலைகீழாக நடக்கும். மாலைப் பிறை மார்ச்சில் செய்வதை இது செப்டம்பரில் செய்யும்.

இந்தச் சாய்வுக்கு நம் சித்தாந்த நூல்களில் தனி இயலே உண்டு. சிருங்கோன்னதி, அதாவது கொம்பு உயர்வு என்று பெயர். சூரிய சித்தாந்தத்தின் பத்தாம் இயல் அது. பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிராம்மஸ்புட சித்தாந்தத்திலும் அதற்கென்று ஓர் இயல் இருக்கிறது. சூரிய சித்தாந்த இயலின் தொடக்கத்திலேயே ஒரு வரம்பு சொல்லப்படுகிறது: சூரியனிலிருந்து 12 பாகை விலகினால்தான் நிலா கண்ணுக்குத் தெரியும். 12 பாகை என்பது ஒரு திதியின் அளவு. அமாவாசைக்கு மறுநாள் மாலை பிறை தெரிவதும் தெரியாததும் இழுபறியாக இருப்பதும், அதற்கடுத்த மாலைப் பிறைக்கு ஊரே தயாராக இருப்பதும் இதனால்தான்.

அடுத்து அந்நூல் படம் போடச் சொல்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு அதை வரைபலகையில் போட்டுப் பார்த்தேன். முதலில் சூரியனுக்கு ஒரு புள்ளி. அதிலிருந்து தென்வடலாக ஒரு கோடு, இது புஜம். அதன் முனையிலிருந்து நேர் மேலே ஒரு கோடு, இது கோடி. அதன் உச்சியில் நிலாவின் மையம். சூரியப் புள்ளியையும் நிலா மையத்தையும் சேர்த்தால் கர்ணம். கோடியை 10 செ.மீ. என்று வைத்தால், மார்ச் பிறைக்குப் புஜம் வடக்கே 1.8 செ.மீ.தான். செப்டம்பர் பிறைக்குத் தெற்கே 7.4 செ.மீ. நிலா மையத்தைச் சுற்றி வட்டம் போட்டு, கர்ணத்துக்குச் செங்குத்தாக ஒரு விட்டம் இழுத்தால், அதன் இரண்டு முனைகள்தான் கொம்புகள்.

ஒளியின் பருமனுக்கும் விதி உண்டு. நிலாவுக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளியைக் கலைகளாக்கி 900-ஆல் வகுத்தால், 12 அங்குலம் என்று வைத்த நிலாவட்டத்தில் ஒளிரும் அங்குலம் கிடைக்கும். இடைவெளி 30 பாகை என்றால் 1,800 கலை. 900-ஆல் வகுக்க 2 அங்குலம். அந்த இரண்டு அங்குலத்தைக் கர்ணம் தொடும் விளிம்பிலிருந்து உள்ளே அளந்து ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு இரண்டு கொம்பு முனைகள், இந்தப் புள்ளி, ஆக மூன்றின் வழியே ஒரு வில் இழுத்தால் பிறை வந்துவிடும். இன்றைய கோணவியல்படி 30 பாகைக்கு ஒளி இதில் பாதிக்கும் குறைவு. நூலின் விதி நேர்விகிதமாகப் போகிறது. ஆனால் கொம்பின் சாய்வு சரியாகவே விழுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கற்ற முக்கோணமும் இதே முக்கோணம்தான்.

பலன் சொல்லும் மரபு இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. ஆறாம் நூற்றாண்டில் அவந்தி நாட்டு வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்கிதையின் நான்காம் இயல், பிறையின் வடிவங்களுக்கு ஓடம், கலப்பை, தடி, வில், நுகம் என்றெல்லாம் பெயர் வைத்துப் பலன் கூறுகிறது. ஓடமாகத் தெரிந்தால் படகோட்டிகளுக்குத் துன்பம். வில்லாகத் தெரிந்தால் போர். வடகோடு பாதி உயர்ந்த கலப்பையில் உழவர்க்குத் துன்பம் இருந்தாலும் நாட்டில் விளைச்சல் உண்டு. தென்கோடு பாதி உயர்ந்தால் அது கெட்ட கலப்பை. அதற்கு அவர் சொல்லும் பலன் பாண்டிய மன்னனின் சாவு.

இந்த இடத்தில் என் வரைபலகை எனக்கு ஒன்றைக் காட்டியது. உச்சயினி பூமத்திய ரேகையிலிருந்து 23 பாகை வடக்கே இருக்கிறது; கடக ரேகையை ஒட்டிய ஊர். அங்கே மார்ச்சில் 23.4-லிருந்து 23-ஐக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. நிலாவின் சொந்த விலகல் சேர்ந்தால்தான் தென்கோடு சிறிதளவு தூக்கும். அதற்கும் வடக்கே போகப்போக அதுவும் அரிது. ஆனால் சென்னையிலும் மதுரையிலும் தென்கோடு உயர்வது ஆண்டுதோறும் வரும் வழக்கமான காட்சி. வடக்கே அபூர்வமாக இருந்ததால் அச்சக்குறியான ஒன்று, தெற்கே ஒவ்வொரு மாசி பங்குனியிலும் வந்து போயிருக்கிறது. தெற்கின் கொம்பு உயர்ந்தால் தெற்கின் அரசனுக்கு ஆபத்து என்று அவந்தியிலிருந்து பார்த்தவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை என்பது என் எண்ணம். பாட்டியின் மழைக் கணக்கையும் இப்படியே பார்க்கலாம். ஆவணி புரட்டாசியில் வடகோடு ஏறுவதும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் சூரியனின் ஆண்டுப் பயணத்தை ஒட்டி நடப்பவை. அவள் கண்ட வரிசை உண்மை. கோடு மழையைக் கொண்டுவருவதில்லை. காலண்டர்போல அதன் பருவத்தைச் சொல்கிறது.

தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக்காரர்கள் நிலாவைத் துரத்திய முறை இன்னும் அருமையானது. வாக்கிய முறை என்பார்கள். நிலா வேகம் கூடிக் குறையும் சுற்று ஒன்பது முறை முடிய 248 நாள் ஆகும். அந்த 248 நாளுக்கும் நாளுக்கொரு சிறு வாக்கியம். கடபயாதி முறைப்படி எழுத்தெல்லாம் எண்ணாகும். மனப்பாடம் செய்துவிட்டால் ஏடு கூடத் தேவையில்லை. இம்முறையை விளக்கும் ‘வாக்கியகரணம்’ 13ஆம் நூற்றாண்டின் முடிவை ஒட்டித் தமிழகத்தில் எழுந்த நூல். அதற்கு உரை எழுதிய சுந்தரராஜர், கேரளத்துப் பேரறிஞர் நீலகண்ட சோமயாஜியிடம் ஐயங்களைக் கேட்டு விடை பெற்றவர்.

இப்போது நுங்கம்பாக்கத்துக்கு வாருங்கள். கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. எடை பத்து டன். 1792-இல் மைக்கேல் டாப்பிங் கட்டிய மெட்ராஸ் வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய தூண் அது. இரண்டே ஆண்டில் அவரே தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. என் தொழிலுக்கும் அதுவே தாய்வீடு. அந்தத் தூணில் தமிழிலும் தெலுங்கிலும் பிற மொழிகளிலும் பொறித்திருப்பதன் சாரம் இது: பிரிட்டிஷாரின் தாராளத்தால் ஆசியாவில் கணித அறிவியல் முதன்முதலில் ஊன்றப்பட்ட காலத்தை, ஆயிரம் ஆண்டு கழித்து வருவோரும் அறியட்டும்.

முதன்முதலில் என்ற அந்தச் சொல்லுக்கு மறுப்பு, அதே வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த ஒருவரிடமிருந்தே வந்தது. ஜான் வாரன், பிரெஞ்சுக்காரராகப் பிறந்தவர், 1805 முதல் சில ஆண்டுகள் அங்கே வானியலாளர். தென்னாட்டார் காலத்தைக் கணக்கிடும் முறைகளையெல்லாம் தொகுத்து 1825-இல் ‘கால சங்கலித’ என்ற பெரிய நூலைச் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனத்தில் இருந்த வாக்கியங்களைக் கொண்டு, எழுதுகோலே தொடாமல் அந்த ஆண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டதை அதில் பதிவு செய்திருக்கிறார். கிரகணத் தொடக்கத்தில் பிசகு நாலே நிமிடம். முடிவில் அது முக்கால் மணிக்கும் மேல். இரண்டையும் சேர்த்தே நாம் மதிக்க வேண்டும். நூற்றாண்டுகளுக்கு முன்னால் போட்ட கணக்கு இவ்வளவு நெருங்கியது ஒரு சாதனை. இடையில் யாரும் வானத்தைப் பார்த்துத் திருத்தாததால் பிசகு வளர்ந்தது ஓர் எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கையைக் கையில் எடுத்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணிதர் குடும்பத்தில் பிறந்து, மெட்ராஸ் வானாய்வகத்தில் சிறு வேலையில் சேர்ந்து, அதன் வானியலாளர் போக்சன் தலைமையில் முதல் உதவியாளர் வரை உயர்ந்தவர். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, நம் மக்களுக்குப் புரியும்படி நம் மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய திருக்கணிதப் பஞ்சாங்கம். பஞ்சாங்கத்தில் எழுதியிருப்பது கண்ணால் காண்பதோடு ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் கணக்கைத் திருத்த வேண்டும் என்று அவர் வாதாடினார். தூணில் கருவியை வைத்து இரவெல்லாம் பார்த்த கண்ணும், சித்தாந்தம் படித்த மனமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன. 1880-இல் அவர் காலமானார். வாக்கியமா திருக்கணிதமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

மயிலாப்பூரின் பங்கும் இதில் உண்டு. சம்ஸ்கிருதக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் குப்புசாமி சாஸ்திரி ஆய்வு நிறுவனம் 1962-இல் வாக்கியகரணத்தைச் சுந்தரராஜரின் உரையோடு பதிப்பித்தது. ஏடுகளை ஒப்பிட்டுத் திருத்தமாகக் கொடுத்தவர்கள் டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும். சர்மா பின்னாளில் அடையாற்றில் இருந்துகொண்டு தென்னிந்திய வானியல், கணித ஏடுகளைப் பதிப்பிப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். சோழி பரப்பிய அந்தப் புதுச்சேரிக்காரர் மனத்தில் வைத்திருந்தது என்ன என்பதை இன்று யாரும் அச்சில் படிக்கலாம்.

பார்க்கும் வானம்தான் சுருங்கிவிட்டது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்து, 1920களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள். ஏரி போனாலும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. அந்தக் கரையில் அன்று நின்றவருக்கு மேற்கு வானம் முழுதாகக் கிடைத்திருக்கும். எனக்குத் தியாகராய நகர் மாடியில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே கிடைத்தது. ஆனாலும் இந்த ஊரில் பிறை தேடும் கண்கள் குறையவில்லை. திருவல்லிக்கேணியில் 1795-இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலை ஒட்டிய தெருக்களில், ரமலான் நோன்புக்கும் பெருநாளுக்கும் முந்தைய மாலைகளில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். தலைமை காஜியின் அறிவிப்பு வரும்வரை கடைத்தெரு காத்திருக்கும். அவர்களுக்கும் இந்தச் சாய்வு முக்கியம்தான். மார்ச்சில் சூரியனுக்கு ஏறக்குறைய நேர் மேலே நிற்கும் பிறை அடிவானத்துக்கு மேல் சற்று உயரத்தில் தெரியும். செப்டம்பரில் அதே வயதுப் பிறை சாய்ந்து தாழ்ந்து சீக்கிரம் மறையும்.

என் மகள் டொராண்டோவில் இருக்கிறாள். “அப்பா, இங்க பிறை நிமிர்ந்து நிக்கறதே” என்றாள். அவள் ஊர் 44 பாகை வடக்கே. செப்டம்பரில் சாய்வு 67 பாகை வரை போகும்; அங்கே தென்கோடு உயர்வதே இல்லை. லண்டனில் இன்னும் அதிகம். பிறையை நெட்டுக்குத்தாக வரையும் பழக்கம் அந்த வானங்களுக்குப் பொருந்தும். சிங்கப்பூரில் இரண்டு கோடும் ஏறக்குறைய சம உரிமையோடு மாறி மாறி உயரும். சிட்னித் தமிழர்களுக்கு ஆண்டு முழுவதும் தென்கோடுதான். ஓர் ஊரின் பிறைச் சாய்வை ஓர் ஆண்டு அளந்தால், அந்த ஊர் பூமியில் எந்த அகலாங்கில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆகவே சென்னைப் பிள்ளைகளுக்குச் சென்னைப் பிறையைத்தான் வரையக் கற்றுத்தர வேண்டும்.

பஞ்சாங்கம் அச்சிடுபவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. வடகோடு, தென்கோடு என்பதோடு எத்தனை பாகை என்றும் போடுங்கள். பலனை நம்புகிறவர்கள் நம்பட்டும். பாகையைப் போட்டால் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் கோணமானியை நீட்டிச் சரிபார்ப்பான். வரும் பங்குனி மூன்றாம் பிறையில் தென்கோடு உயர்கிறதா, புரட்டாசியில் வடகோடு உயர்கிறதா என்று நீங்களே பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். எழுதியது பஞ்சாங்கத்தோடு ஒத்துவந்தால் கணக்குப் போட்டவருக்கு மரியாதை செய்தீர்கள். ஒத்துவராவிட்டால் அதையும் அவருக்கு எழுதித் தெரிவியுங்கள். ரகுநாதாச்சாரி இந்த ஊரிடம் கேட்டது அதைத்தான்.